டிராயிங் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விமானப்படை ஒரு சோப்பு டப்பாவுக்கு எண்பது மடங்கு விலை கொடுத்ததாகப் போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. என் தங்கை அதைப் போனில் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, நீ இருந்த தொழில்தானே இது? இப்படியெல்லாமா நடக்கும்?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது. அதையே உங்களுக்கு அனுப்புகிறேன்.

நான் அமெரிக்காவில் ஒரு சிறிய மெஷின் ஷாப்பில் பத்தொன்பது வருடம் விலைப்புள்ளி போடும் வேலை பார்த்தேன். மொத்தம் பதினான்கு பேர். புஷ், பின், பிராக்கெட், ஸ்பேசர் என்று உள்ளங்கையில் அடங்குகிற விமான பாகங்களைக் கடைந்து கொடுப்போம். ராணுவத்துக்கு உதிரி பாகம் வாங்கும் அரசு முகமை அன்றன்று என்னென்ன கேட்கிறது என்ற பட்டியலைக் காலையில் போனதும் படித்து, எங்களால் செய்ய முடிந்ததைப் பிரித்து எடுப்பதுதான் என் முதல் வேலை.

முதலில் அந்தச் செய்தியை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். சோப்பு டப்பா என்றால் கை கழுவ அழுத்தி எடுக்கும் திரவ சோப்பு டப்பா, சி-17 என்ற பெரிய சரக்கு விமானத்தின் கழிப்பறையில் இருப்பது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2024 அக்டோபரில் வெளியிட்ட தணிக்கையில் அது வந்தது. கடையில் கிடைக்கும் அதுபோன்ற டப்பாவைவிட 80 மடங்குக்கு மேல் விலை. அந்த ஒரு பொருளில் மட்டும் 1,49,072 டாலர் கூடுதலாகப் போயிருக்கிறது. தயாரிப்பு நிறுவனமான போயிங், ராணுவ விமானத்துக்குத் தகுதி பெறாத ஒரு டப்பாவோடு தன் பொருளை ஒப்பிட்டது தவறு என்று மறுத்தது. தணிக்கையாளர்கள் மொத்தம் 46 பாகங்களைப் பார்த்தார்கள். 12 பாகங்களுக்கு நியாயமான விலை கொடுக்கப்படவில்லை, 9 பாகங்களுக்குக் கொடுக்கப்பட்டது. மீதி 25 பாகங்களின் விலை நியாயமா இல்லையா என்று அவர்களாலேயே தீர்மானிக்க முடியவில்லை.

சோப்பு டப்பா எல்லோருக்கும் நினைவிருக்கும். என்னைத் தூங்கவிடாதது அந்த 25தான். பணம் கொடுத்தாகிவிட்டது, தணிக்கையும் முடிந்துவிட்டது, இருந்தும் விலை சரியா என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லை. ஒரே ஆளிடம் வாங்கும் இடத்தில் இதுதான் நடக்கும். சி-17 பராமரிப்புப் பொறுப்பு போயிங்கிடம்தான். 2021இல் பத்தாண்டுகளுக்குச் சுமார் 2,380 கோடி டாலர் மதிப்பில், போட்டி டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம் போடப்பட்டது. விமானத்தைக் கட்டிய தொழிற்சாலை 2015இலேயே மூடப்பட்டுவிட்டது. விமானம் இன்னும் பல பத்தாண்டுகள் பறக்க வேண்டும். அத்தனை காலமும் பாகம் வேண்டும், பழுது பார்க்க வேண்டும், அதற்கு ஒரே ஒரு கதவைத்தான் தட்ட வேண்டும்.

சரி, அந்த ஒரே கதவு எப்படி வந்தது? அதை என் மேஜையிலிருந்து சொல்கிறேன்.

ஒரு புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் வெண்கலக் கம்பியிலிருந்து கடையும் ஒரு சின்னக் குழாய், சுண்டுவிரல் நுழையும் அளவு. ஒரு மூடியின் கீலுக்குள் உட்கார்ந்து தேய்வதுதான் அதன் வேலை. இதற்கு விலை போடும்போது கம்பி விலை, மெஷினைத் தயார் செய்ய ஆகும் நேரம், ஒரு பாகம் கடைய ஆகும் நிமிடங்கள், முதல் பாகத்தின் எல்லா அளவுகளையும் எடுத்து எழுதும் பரிசோதனை அறிக்கை, உலோகத்தின் சான்றிதழ், ராணுவ விதிப்படி பேக்கிங், லேபிள் என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போவேன். கம்பியின் விலை அதில் மிகச் சின்ன தொகை. நான்கே நான்கு புஷ் கேட்டாலும் மெஷினைத் தயார் செய்ய அதே மூன்று மணி நேரம் ஆகும். அதனால் நான்கு புஷ்ஷின் விலை, நானூறு கேட்டால் வரும் விலையைப் போல இருக்காது. விமான பாகம் விலை அதிகம் என்றாலே திருட்டு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நேர்மையாகக் கணக்குப் போட்டாலும் சில சமயம் பார்ப்பவர் அதிர்ச்சி அடையும் விலைதான் வரும்.

இந்தப் புஷ்ஷை நாங்கள் ஏழெட்டு வருடமாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம், அரசுக்கு இல்லை, விமான பாகங்களுக்கு உரிமை வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனிக்கு. பாகத்தின் வடிவமும் அளவுகளும் குறித்த டிராயிங்கை அவர்கள் அனுப்புவார்கள், நாங்கள் கடைந்து, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்புவோம். டிராயிங்கின் ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். இந்தத் தகவல் கம்பெனியின் சொத்து, அவர்கள் கொடுத்த ஆர்டரைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

ஒரு நாள் காலைப் பட்டியலில் அதே பாகம் எண்ணைப் பார்த்தேன். அரசுக்கு அந்தப் புஷ் வேண்டும். அந்தப் பெரிய கம்பெனியிடம் மட்டும் வாங்கப்போவதாக அறிவிப்பு. வேறு யாராவது கொடுக்க முடியுமானால் பதினைந்து நாளுக்குள் எழுதுங்கள் என்றும் இருந்தது. முந்தைய கொள்முதல் விலையும் தெரிந்தது. நாங்கள் வாங்கிய விலையைப் போல ஆறு மடங்கு.

நடுவில் இருப்பவருக்குச் செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இன்னொரு முறை சோதிக்கிறார்கள், கிடங்கில் இருப்பு வைக்கிறார்கள், பாகம் தவறினால் பொறுப்பேற்கிறார்கள். ஒன்றரை மடங்கு என்றால் புரிந்துகொள்வேன், இரண்டு மடங்கு என்றால்கூட வாயை மூடிக்கொள்வேன். ஆறு மடங்குக்கு எந்தக் கணக்கும் எனக்கு வரவில்லை.

பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு குறி இருக்கும். போட்டிக்கு விடலாமா, கூடாதா, கூடாதென்றால் ஏன் என்று சொல்லும் குறி. இந்தப் புஷ்ஷுக்கு இருந்தது 'பி', பென்சில் என்பதன் முதல் ஆங்கில எழுத்து. இந்தப் பாகத்தை மற்றவர்களிடம் வாங்கத் தேவையான தகவல்களின் உரிமை அரசிடம் இல்லை, அதை விலைக்கு வாங்கவோ வேறு வழியில் பெறவோ முடியாது என்று அதற்குப் பொருள். பத்தொன்பது வருடத்தில் அந்த ஒற்றை எழுத்தை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைப் பார்த்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுவேன், பழக்கம் அப்படி. அன்று போகவில்லை. அந்தப் புஷ் எங்கள் ஷாப்பின் பரிசோதனை மேஜையில், நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

முதலாளியிடம் காட்டினேன். அவர் லேத்தில் கை வைத்துத் தொழில் கற்ற மனிதர். எழுதலாம் என்றார், எழுதினோம். முகமையிலிருந்து மரியாதையான பதில் வந்தது. புதிய தயாரிப்பாளராக அங்கீகாரம் பெற விண்ணப்பிக்கலாம்; டிராயிங், செய்முறைத் தாள்கள், சோதனைப் பதிவுகள், அந்தத் தகவல்களைப் பயன்படுத்த எங்களுக்கு உரிமை உண்டு என்பதற்கான ஆதாரம் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். கடைசியாகக் கேட்ட அந்த ஆதாரம் மட்டும் எங்களிடம் கிடையாது. தேய்ந்த பாகத்தை வாங்கி அளந்து நாங்களே புதிதாக டிராயிங் போட ஒரு வழி உண்டு. அதற்குப் பல மாதம் ஆகும், அதற்குள் இந்தக் கொள்முதல் முடிந்துவிடும். அப்புறம், பெரிய கம்பெனிக்குத் தெரிந்தால் இருக்கும் ஆர்டரும் போய்விடும் என்ற பயம். பதினான்கு குடும்பம். முதலாளி கடிதத்தை இரண்டாக மடித்து மேஜை டிராயரில் வைத்தார். அடுத்த மாதம் அதே புஷ்ஷைக் கடைந்து அதே பெரிய கம்பெனிக்கு அனுப்பினோம். விலைப்புள்ளியில் என் கையெழுத்துதான் இருந்தது.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவில் 1984இல் வந்த ஒப்பந்தப் போட்டிச் சட்டம், அரசு கொள்முதல் என்றாலே முழுமையான, திறந்த போட்டி வேண்டும் என்கிறது. ஏழு விதிவிலக்குகள் உண்டு. அதில் முதலாவது, தகுதியுள்ளவர் ஒருவர்தான் என்பது. அந்த விதிவிலக்கைப் பயன்படுத்தும்போது, ஏன் ஒருவரிடமே வாங்குகிறோம் என்று அதிகாரி ஓர் ஆவணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தொகை பெரிதாகப் பெரிதாக மேலிடத்துக் கையெழுத்து வேண்டும். முன்கூட்டியே திட்டமிடாததைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று விதியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இன்னும் ஒன்று: அடுத்த முறை வாங்குவதற்குள் போட்டிக்கு இருக்கும் தடையை நீக்க என்ன செய்யப்போகிறோம் என்பதையும் அந்த ஆவணத்தில் சொல்ல வேண்டும்.

அந்தப் பகுதியைத்தான் நான் தேடித் தேடிப் படிப்பேன். இந்த ஆவணங்கள் பொதுவெளியில் வைக்கப்படுகின்றன. விலைகளைக் கருப்பு மை பூசி மறைத்திருப்பார்கள், மற்றது படிக்கலாம். உரிமை கம்பெனியிடம் இருக்கிறது, அதை விற்க அவர்கள் தயாராக இல்லை, சந்தையைத் தொடர்ந்து கவனித்து வருவோம் என்பதுதான் நான் பார்த்த பலவற்றில் இருந்த பதில். சில வருடம் கழித்து அதே பாகத்துக்கு அடுத்த ஆவணம் வரும். தேதி மாறியிருக்கும், கையெழுத்து மாறியிருக்கும், அந்தப் பத்தி வரி மாறாமல் இருக்கும். எழுதிய அதிகாரிகளை நான் குறை சொல்லவில்லை. விமானம் தரையில் நிற்கிறது, பாகம் வேண்டும் என்று பின்னாலிருந்து ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். உரிமையை விட்டுக்கொடுத்தது முப்பது வருடத்துக்கு முன்னால் வேறொருவர்.

விலையைச் சோதிக்கவும் சட்டம் இருக்கிறது. 1962இல் வந்தது. போட்டி இல்லாத ஒப்பந்தத்தில் தயாரிப்பாளர் தன் உண்மையான செலவுக் கணக்கைக் காட்டி அதற்குச் சான்றும் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு வரம்புக்கு மேல் போனால்தான். ஏழரை லட்சம் டாலராக இருந்த அந்த வரம்பை 2018இல் 20 லட்சம் டாலராக உயர்த்தினார்கள், அதன் பிறகும் கூட்டியிருக்கிறார்கள். உதிரி பாகம் வாங்குவது பெரும்பாலும் சின்னச் சின்ன ஆர்டர்கள், வரம்புக்குக் கீழேயே முடிந்துவிடும். பாகம் வணிக விமானத்திலும் பயன்படும் வகை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் தொகை எவ்வளவானாலும் அந்தக் கட்டாயம் இல்லை. வரம்புக்குக் கீழே அதிகாரி கணக்கைக் கேட்கலாம், கேட்டாலும் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு விமான பாகங்கள் செய்து விற்கும் டிரான்ஸ்டைம் என்ற நிறுவனத்தைப் பற்றிய இரண்டு தணிக்கைகள் இருக்கின்றன. 2019இல் வந்த அறிக்கை 47 பாகங்களைப் பார்த்தது. பதினைந்து சதவீத லாபத்தை நியாயம் என்று வைத்துக் கணக்கிட்டதில், 46 பாகங்களில் அதற்கு மேல் லாபம் எடுத்திருந்தார்கள். கூடுதல் லாபம் 1.61 கோடி டாலர். நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்த பிறகு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் இன்னொரு அறிக்கை: 106 பாகங்களில் 105, கூடுதல் லாபம் குறைந்தது 2.08 கோடி டாலர். தணிக்கையாளர்களால் திருப்பித் தரும்படி கேட்கத்தான் முடிந்தது, ஏனென்றால் சட்டத்தை மீறியதாக அவர்கள் சொல்லவில்லை. என்னை உறுத்துவது அதுதான். சட்டத்தை மீறியிருந்தால் ஒரு வழக்கோடு முடிந்திருக்கும்.

பணம் பாதிக் கதைதான். மீதி, தரையில் நிற்கும் விமானங்கள். எஃப்-35 போர் விமானம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2023 செப்டம்பரில் சொன்னது: அந்த ஆண்டு மார்ச்சில், ஏதாவது ஒரு பணிக்காவது தயாரான நிலையில் இருந்தவை 55 சதவீதம் அளவில்தான். பத்தாயிரத்துக்கு மேல் பாகங்கள் பழுதுபார்க்கக் காத்துக்கிடந்தன. ராணுவத்தின் சொந்தப் பணிமனைகளில் பழுது பார்க்கத் தேவையான தொழில்நுட்பத் தகவல்கள் போதவில்லை என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது. விமானம் பக்கத்தில் நிற்கிறது, கருவி இருக்கிறது, கையில் தொழில் தெரிந்த ஆள் இருக்கிறார், பிரித்துச் சேர்க்கும் முறை எழுதிய தாள் அவரிடம் இல்லை. கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த விமானங்களை அவற்றின் ஆயுள் முழுக்கப் பராமரிக்கும் செலவு, 2018இல் 1.1 லட்சம் கோடி டாலர் என்று இருந்த மதிப்பீடு, 2023இல் 1.58 லட்சம் கோடி டாலராக ஏறிவிட்டது. தொடக்கத்திலேயே அறிவுசார் உரிமையை வாங்கிக்கொள்ளாதது பெரிய தவறு என்று அப்போது விமானப்படைச் செயலாளராக இருந்த ஃபிராங்க் கெண்டல் 2023இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

அவர் சொன்ன இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. விமானம் வாங்கலாமா என்று யோசிக்கும் நாளில் அரசு ராஜா. இரண்டு மூன்று கம்பெனிகள் வாசலில் நிற்கும், ஒன்றைவிட ஒன்று இறங்கி வரும். அன்று "விமானத்தின் விலை இவ்வளவு, டிராயிங்குக்கும் பழுதுபார்க்கும் முறைகளுக்கும் தனி விலை எவ்வளவு, எழுதிக் கொடு" என்று கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கேட்டால் விமானத்தின் மொத்த விலை கூடித் தெரியும், அந்த வருட பட்ஜெட்டில் இடிக்கும், அதனால் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கையெழுத்தான மறுநாள் ஆள் மாறிவிடுகிறது. அதற்கப்புறம் நாற்பது வருடத்துக்கு ராஜா கம்பெனிதான்.

எல்லாவற்றையும் திறந்து விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்ஜினின் சுழலும் வட்டுக்கும், சக்கரத்தைத் தாங்கும் காலுக்கும், பாகம் தவறினால் உயிர் போகும் மற்ற இடங்களுக்கும் யார் வேண்டுமானாலும் கடைந்து கொடுக்கலாம் என்று இருக்கக் கூடாது. எங்கள் ஷாப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகியதற்காக ஒரு தொகுதி முழுவதையும் உடைத்துக் குப்பையில் போட்டிருக்கிறோம். அங்கீகாரம் எதற்கு என்று எனக்குத் தெரியும். வடிவமைக்கக் கோடிகளைக் கொட்டிய கம்பெனிக்கு அதற்கான பலன் வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் சோப்பு டப்பாவும் கீல் புஷ்ஷும்கூட அதே பூட்டுக்குள் போய்விடுகின்றன. 2018இல் ஒரு சரக்கு விமானத்தின் கழிப்பறை மூடிக்குப் பத்தாயிரம் டாலர் ஆன செய்தி வந்தது. அதையே முப்பரிமாண அச்சு எந்திரத்தில் 300 டாலருக்குச் செய்ய முடிந்தது.

கொஞ்சம் அசைவு தெரிந்தது. 2025 ஏப்ரலில், ராணுவ வீரர்கள் தங்கள் தளவாடங்களைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமையை ஒப்பந்தங்களில் சேர்க்க வேண்டும் என்று தரைப்படைக்கு உத்தரவு வந்தது. செனட்டில் இரு கட்சியினரும் சேர்ந்து எல்லாப் படைகளுக்குமாக மசோதா கொண்டுவந்தார்கள். ஓய்வுபெற்றுவிட்ட எங்கள் முதலாளிக்கு அன்று போன் போட்டுப் பேசினேன். டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான வருடாந்திரச் சட்டத்தின் இறுதி வடிவம் வந்தபோது, பழுதுபார்க்கும் உரிமை பற்றிய பிரிவு அதில் இல்லை. மறுபடி அவருக்குப் போன் போட மனம் வரவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டு அரசாக இருந்தாலும், போர் விமானம் வாங்கப்போகிறது என்று செய்தி போடும்போது எத்தனை விமானம், எத்தனை கோடி என்பதோடு இன்னொரு வரியும் சேர்த்துப் போடுங்கள்: டிராயிங்கும் பழுதுபார்க்கும் உரிமையும் அந்த விலைக்குள் வருகிறதா, இல்லையா? பதில் கிடைக்கவில்லை என்றால், கேட்டோம், பதில் இல்லை என்றே போடுங்கள். சோப்பு டப்பாவின் விலை வெளியே வரும்போது அது கைமீறிப் போய் முப்பது வருடம் ஆகியிருக்கும்.

சி-17 ஒப்பந்தத்தின் பத்தாண்டு முடிந்து அடுத்த ஒப்பந்தம் வரும்போது, ஏன் ஒருவரிடமே வாங்குகிறோம் என்ற ஆவணமும் வரும். விலையை மறைத்திருப்பார்கள். நான் தடையை நீக்குவது பற்றிய அந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன்.

இப்படிக்கு,
விமான பாகங்களுக்கு விலைப்புள்ளி போட்டு ஓய்வுபெற்ற உங்கள் வாசகி
(பழைய தொழிலிடத்தை உத்தேசித்துப் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)